நீலமும் வெண்மையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் சீனத்துப் பீங்கானைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வள்ளுவரும் இளங்கோவும் கம்பரும் நமக்கு இருக்க, கிண்ணத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பானேன் என்று கேட்பதும் இயல்பே. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வேறொரு மண்ணில் வாழும் நமக்கு, வெண்மை நிறக் கலத்தில் நீல நிறச் சித்திரம் தீட்டிய அந்தப் பீங்கானின் வரலாறு சில உண்மைகளைச் சொல்லுகிறது. மேலும், அவ்வரலாற்றின் வழியில் தமிழகக் கடற்கரையும் இருக்கிறது. நாம் இன்று வாழும் வங்கமும் இருக்கிறது. ஆகவே இதனை அயலார் கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

முதலில் நம் வீட்டுச் சொற்களையே எண்ணிப் பாருங்கள். காப்பியில் இடுவது சீனி. அடுப்பில் ஏறுவது சீனச்சட்டி. மருந்துக்கு உதவுவது சீனக்காரம். நம் அண்டை வீட்டு வங்காளிகளும் சர்க்கரையைச் சீனி என்றே சொல்லுகிறார்கள். பீங்கானை அவர்கள் ‘சீனாமாட்டி’ என்பர். மாட்டி என்றால் மண். சீனத்து மண் என்பது அதன் பொருள். நாமோ அதனைப் பீங்கான் என்கிறோம். கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து இது வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். மலாய் மொழியிலும் தட்டுக்குப் பிங்கான் என்றே பெயர். பொருள் சீனத்தது, பெயர் பாரசீகத்தது, அதை வழங்குகிறவர்கள் தமிழரும் மலாய் மக்களும். ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு பெருங்கடல் வாணிகம் அடங்கிக் கிடக்கிறதன்றோ?

இனி அந்தக் கலம் உருவாகும் வகையைச் சுருக்கமாகக் காண்போம்.

சீன நாட்டின் தென்பகுதியில் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்தேஜென் என்ற ஊர் இருக்கிறது. அதனை அடுத்த காவோலிங் என்னும் குன்றின் பெயராலேயே அங்குக் கிடைத்த வெண்களிமண்ணை உலகத்தார் கயோலின் என்று அழைக்கின்றனர். அந்தக் களிமண் எளிதில் உருகாதது. தீயில் நின்று கலத்திற்கு வடிவம் கொடுப்பது. அதனோடு அவ்வட்டாரத்துப் பாறைகளிலிருந்து இடித்தெடுத்த ஒருவகைக் கல்மாவையும் சேர்ப்பார்கள். அது வெப்பத்தில் இளகிக் கண்ணாடி போலாகிக் களிமண்ணின் நுண்ணிய இடைவெளிகளை நிரப்புவது. ஒன்று எலும்பு என்றால் மற்றொன்று தசை என்று சீனத்துக் குயவர்கள் சொல்வது வழக்கம். இரண்டும் கூடி, ஏறக்குறைய 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெந்த பின்னரே, தட்டினால் மணியோசை எழுப்புவதும், நீரை உறிஞ்சாததும், மெல்லியதாயின் ஒளியை ஊடுருவ விடுவதுமான பீங்கான் பிறக்கிறது.

அத்தகைய கடுந்தீயில் பெரும்பாலான வண்ணங்கள் கரைந்தும் கருகியும் போய்விடும். தாக்குப்பிடிக்கும் மிகச் சில வண்ணங்களுள் தலையாயது கோபால்ட்டு என்னும் உலோகத்தின் தாது தரும் நீலம். இதில் ஓர் அருமை உண்டு. தூரிகையால் தீட்டும்பொழுது அது நீலமாக இராது. கருஞ்சாம்பல் நிறமாகவே இருக்கும். சுடாத உலர்ந்த கலம் மையை உடனே உறிஞ்சிக்கொள்வதால், இட்ட கோட்டை அழித்துத் திருத்த முடியாது. சித்திரம் தீட்டிய பின் அதன்மேல் தெளிந்த மெருகைப் பூசிச் சூளையில் அடுக்குவார்கள். கலமும் வண்ணமும் மெருகும் ஒரே தீயில் ஒன்றாக வேகின்றன. சூளை ஆறித் திறக்கும்போதுதான் நீலம் கண்ணுக்குத் தெரிகிறது. மெருகின் அடியில் இருப்பதனால் அதனைத் தேய்த்தாலும் போகாது. உப்பும் புளியும் பட்டாலும் மங்காது. கலம் உடைந்து அறுநூறு ஆண்டு மண்ணில் கிடந்தாலும் அந்த ஓட்டின் நீலம் அப்படியே இருக்கும்.

இக்கலையில் சீனர்க்கு மண் இருந்தது. தீயை ஆளும் திறன் இருந்தது. தூரிகைப் பயிற்சி தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆனால், அந்தச் சிறந்த நீலம் முதலில் அவர்களிடம் இல்லை. அது பாரசீகத்திலிருந்து, காஷான் நகரைச் சூழ்ந்த மலைப்பகுதியிலிருந்து வந்தது. பாரசீகக் குயவர்களிடம் நீலம் இருந்தது. வெள்ளைப் பீங்கானுக்குரிய மண் இல்லை. ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. இடையே கடல் இருந்தது. அக்கடலைக் கடந்த வணிகர்களாலேயே இரண்டும் கூடின.

இக்கூட்டுறவு மிகப் பழமையானது. 1998-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே, கி.பி. 830-ஐ ஒட்டி மூழ்கிய ஒரு கப்பலைக் கண்டுபிடித்தனர். அரபு நாட்டு முறைப்படி பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. அதனுள் இருந்த சுமார் 60,000 சீனக் கலங்களுள் மூன்றே மூன்று தட்டுகள் வெண்மையின்மேல் நீலச் சித்திரம் கொண்டிருந்தன. முழுமையாகக் கிடைத்துள்ள சீனத்து நீல வெண்கலங்களுள் மிகப் பழையவை அவையே. ஆனால், அந்த முயற்சி அப்போது வேரூன்றவில்லை. சீனத்துச் சான்றோர் தூய வெள்ளைக் கலத்தையும் பச்சைமணி போன்ற கலத்தையுமே விரும்பினர். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் நீலம் ஒதுங்கியே நின்றது.

மங்கோலியர் சீனத்தை ஆண்ட யுவான் காலத்தில் (1271–1368) நிலைமை மாறியது. மேற்காசியாவுக்கும் சீனத்துக்கும் இடையே நிலவழியும் கடல்வழியும் தாராளமாகத் திறந்தன. பலர் ஒருங்கே அமர்ந்து ஒரே தட்டத்தில் உண்ணும் வழக்கமுடைய முஸ்லிம் நாடுகளுக்காக, ஜிங்தேஜென் குயவர்கள் பெரிய பெரிய தட்டங்களை வனைந்து நீலத்தால் நிறைத்தனர். 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அக்கலை முழு வளர்ச்சி பெற்றுவிட்டது. அதற்கு மறுக்க முடியாத சான்று, 1351-ஆம் ஆண்டு என்று நீல எழுத்தாலேயே கழுத்தில் பொறிக்கப்பட்ட இரண்டு கோயிற் சாடிகள். இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. வெவ்வேறு கைகளுக்குப் பிரிந்துபோயிருந்த அவ்விரண்டையும் தேடி ஒன்று சேர்த்தவர் சர் பெர்சிவல் டேவிட். அவர் 1892-இல் நம் பம்பாயில் பிறந்தவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இந்தியாவிற்கும் அக்கலங்கள் அக்காலத்திலேயே வந்தன. தில்லியில் துக்ளக் மன்னர்களின் அரண்மனைப் பகுதியில் யுவான் காலத்து நீல வெண்கலங்களின் பெருங்குவியல் ஒன்று உடைந்த நிலையில் கிடைத்தது. தில்லியிலிருந்து தூதராகப் புறப்பட்ட இபுனு பதூதா, வழியில் மதுரைச் சுல்தானிடமும் தங்கினார், வங்கத்திற்கும் வந்தார், பின்னர்ச் சீனத்தின் துறைமுகங்களைப் பற்றி எழுதும்போது, அங்குச் செய்யப்படும் பீங்கான் இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது என்று குறித்து வைத்தார்.

தமிழகத்தின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். சோழப் பேரரசின் தூதுவர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்ற செய்தி சீனர் குறிப்புகளில் உள்ளது. பின்னர் 1281-இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில், குப்லாய்கானின் நலம் கருதிச் சிவபெருமானுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறும் கல்வெட்டைத் தமிழர் தமிழிலேயே பொறித்தனர். அரபு வணிகர் ஜெய்தூன் என்று அழைத்த அத்துறைமுகமே பீங்கான் ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகம். பிழைக்கப் போன ஊரில் கோயில் எடுத்துத் தாய்மொழியில் கல்வெட்டும் வைத்த அத்தமிழர்களை, இந்நகரில் சங்கம் அமைத்து வாழும் நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் பழையகாயல் இருக்கிறது. மார்க்கோ போலோ புகழ்ந்த துறைமுகம் அது. 19-ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற கால்டுவெல் பெருமகனார், நிலமெங்கும் சீனக் கலங்களின் உடைந்த ஓடுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு எழுதினார். அவ்வூர் மக்களோ தங்கள் முன்னோரின் கடல் வாணிகத்தை முற்றும் மறந்திருந்தனர். மக்கள் மறந்ததை ஓடு மறக்கவில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்திலும் அவ்வாறே. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் பேராசிரியர் எ. சுப்பராயலுவும் அங்கு ஆராய்ந்து, 1980-களின் இறுதியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வு வழியாக, 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீன ஓடுகளை ஏராளமாகக் கண்டெடுத்தனர். பச்சை மெருகிட்ட ஓடுகளே மிகுதி. ஆனால், ஜிங்தேஜென் ஊரின் நீல வெள்ளை ஓடுகளும் அவற்றோடு இருந்தன.

ஊர்தோறும் அவை ஏன் பரவவில்லை? நம் முன்னோர் உண்டது வாழையிலையில். சமைத்தது மண்பானையிலும் வெண்கலத்திலும். எச்சில் பட்ட மண்கலத்தைக் கழிக்கும் ஆசாரம் உடையவர்கள், விலையுயர்ந்த மண்கலத்தை வாங்கி உண்ணுதல் அரிது. ஊறுகாய்க்கும் உப்புக்கும் பீங்கான் சாடி வந்தது பிற்காலத்தில்தான். ஆகவே, துறைமுகத்து வணிகர் வாழ்ந்த இடங்களிலே அந்த ஓடுகள் மிகுதியாகத் தென்படுவதில் வியப்பில்லை.

இனி வங்கத்திற்கு வருவோம். யுவான் ஆட்சி மறைந்து மிங் ஆட்சி (1368–1644) தோன்றியது. செங் ஹே தலைமையில் பெருங்கப்பற்படைகள் இந்துமாக்கடலில் உலவின. 1409-ஆம் ஆண்டிட்டு அப்படையினர் இலங்கையில் நாட்டிய கல்வெட்டில் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. 1911-இல் காலி நகரில் கிடைத்த அக்கல், இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல வெண்கலத்தின் பயணத்திற்கு உரிய மொழிகளும் இம்மூன்றுதாமே! அக்காலத்தில் சீனத் தூதர்கள் சட்டகாங் துறைமுகத்தில் இறங்கி வங்கத்துச் சுல்தானைக் கண்டனர். வங்கத்திலிருந்து 1414-இல் ஓர் ஒட்டகச்சிவிங்கி சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகச் சென்றது. அப்பயணங்களில் உடன்வந்த ஃபெய் சின் என்பவர் 1436-இல் முடித்த தம் நூலில், வங்கத்தில் விற்பனையாகும் பொருள்களை வரிசைப்படுத்தினார். பொன், வெள்ளி, பட்டு, கஸ்தூரி ஆகியவற்றோடு நீல வெள்ளைப் பீங்கானும் அவ்வரிசையில் இருக்கிறது. நம் கொல்கத்தா நகரம் தலையெடுப்பதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அக்கலம் வங்கத்துச் சந்தையில் விலைபோயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1388-இல் கலைப்பொருள்களைப் பற்றிச் சாவோ சாவோ என்ற சீன அறிஞர் எழுதிய நூலில், நீலச் சித்திரம் தீட்டிய கலங்கள் மிகவும் கீழ்த்தரமானவை என்று ஒதுக்கினார். அவருடைய கண்ணுக்கு அது அயலார் சுவைக்காகச் செய்த சந்தைச் சரக்காகத் தோன்றியது. ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குள், சுவாந்தே பேரரசர் காலத்தில் (1426–1435), அதே நீல வெண்கலம் பேரரசரின் ஆட்சிப் பெயர் பொறித்து அரண்மனைக்குள் நுழைந்தது. இன்று சீனத்துக் கலை என்றவுடன் உலகம் முதலில் நினைப்பது அதனையே. அன்று அயல் என்று இகழப்பட்டது இன்று சீனத்தின் அடையாளமாக நிற்கிறது.

பின்னர் அது உலகையே சுற்றியது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1611-இல் அர்தபில் திருத்தலத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கலங்களைக் காணிக்கையாக்கினார். நீலம் கொடுத்த நாட்டிற்கே நீலக் கலம் திரும்பிச் சென்றது! டச்சுக்காரர்கள் 1603-இல் ஒரு போர்த்துக்கீசியக் கப்பலைக் கைப்பற்றி, அதிலிருந்த பீங்கானை மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலமிட்டனர். ஐரோப்பா முழுவதும் அக்கலத்தின்மேல் மோகம் கொண்டது. மிங் ஆட்சி சரிந்து சீனத்துச் சூளைகள் தளர்ந்தபோது, ஜப்பானும் ஹாலந்தின் டெல்ப்ட் நகரமும் அவ்விடத்தை நிரப்ப முயன்றன. 1712-இல் ஜிங்தேஜென் ஊரிலிருந்து கடிதம் எழுதிய தாந்திரக்கோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்கே 3,000 சூளைகள் எரிவதாகவும், ஒரே கலம் எழுபது தொழிலாளர் கைகளைக் கடந்து வருவதாகவும் எழுதினார்.

கொல்கத்தாவின் கதை இங்கே சற்றுக் கசக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலும் வங்கத்திலும் விளைந்த அபினியை இந்நகரில் ஏலமிட்டது. தனி வணிகர் அதனைக் காண்டன் கடற்கரைக்குக் கடத்திச் சென்றனர். அதில் வந்த வெள்ளியைக் கொண்டு கம்பெனி தேயிலை வாங்கியது. சீனத்திலிருந்து திரும்பிய கப்பல்களில் தேயிலைப் பெட்டிகளின் அடியில், ஈரம் பட்டாலும் கெடாத சரக்கு என்பதால், பீங்கானை நிலைப்பாரமாக அடுக்கினார்கள். கம்பெனி 1791-இல் பீங்கான் இறக்குமதியை நிறுத்தியது. அதற்குள் இங்கிலாந்தே அச்சுமுறையில் நீலச் சித்திரத் தட்டுகளைச் செய்யக் கற்றுக்கொண்டது. பாலமும் மரமும் இரு பறவைகளும் வரைந்த தட்டுகளை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அதனோடு சொல்லப்படும் சீனக் காதலர் கதை சீனத்தில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் கட்டிய கதை.

அதே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், டாங் அச்சியூ என்ற சீனர் பட்ஜ்பட்ஜ் அருகே வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று ஒரு சர்க்கரை ஆலை தொடங்கினார். அவர் பெயராலேயே அவ்விடம் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. அவர் வழியில் வந்து டிரெட்டா பஜாரிலும் டாங்ராவிலும் குடியேறிய சீனர்கள், தச்சர்களாகவும் தோல் பதனிடுவோராகவும் பல் மருத்துவர்களாகவும் இந்நகருக்கு உழைத்தனர். 1962-ஆம் ஆண்டுப் போரின் பின் அவர்களுள் பலர் இராஜஸ்தானத்துத் தேவலிக்குக் காவலில் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பியவர்களில் பலர் அயல்நாடுகளுக்குப் போய்விட்டனர். எஞ்சிய சில ஆயிரவரே புத்தாண்டில் அச்சிப்பூர் சென்று வழிபடுகின்றனர். குடியேறிய ஒரு சமூகம் கரைந்து போவது எத்துணை எளிது என்பதை அவர்களைக் கண்டு நாம் உணர வேண்டும்.

பெரியோர்களே! நம் குடியிருப்புகளில் நாள்தோறும் எழும் கவலை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் தெருவில் வங்காளி பேசுகிறார்கள்; பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறார்கள்; வீட்டில் பேசும் தமிழிலும் இரண்டும் கலந்துவிடுகின்றன. மீனைத் தொடாத வீட்டுப் பிள்ளை பூஜைப் பந்தலில் தாக்கின் ஒலிக்கு ஆடுகிறான். ‘இவர்கள் தமிழரா, வங்காளிகளா?’ என்று தாத்தாமார் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொய்யன்று. ஆனால், 1388-இல் சாவோ சாவோ கொண்ட வருத்தமும் பொய்யன்று. அவர் சொன்ன முடிவுதான் தவறாயிற்று. அயலிலிருந்து வரும் வண்ணத்தைக் கண்டவுடன் கீழ்த்தரம் என்று ஒதுக்குவதில் நாம் அவசரப்படலாகாது.

அதே வேளையில், மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. நீலம் எத்துணைச் சிறந்ததாயினும், அதனைத் தாங்குவது வெண்மண்ணே. மண் செம்மையாகப் பிசையப்படாவிட்டால் கலம் சூளையிலேயே கோணிப்போகும். மெருகு பக்குவமாக அமையாவிட்டால் வண்ணம் கசிந்து பரவும். வண்ணம் தெருவில் தானே கிடைக்கும். மண்ணை வீட்டில்தான் பிசைய வேண்டும். பிள்ளை வங்காளி கற்பதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை, நகரமே கற்பித்துவிடும். அவன் தமிழில் எழுதவும் படிக்கவும் கற்க வேண்டுமாயின், ஞாயிறுதோறும் அவனைச் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு அனுப்ப வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. அவ்வகுப்பில் இருக்கை காலியாக இருக்குமானால், அதற்கு வங்கம் பொறுப்பன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குத் தென்னாடு செல்லும்பொழுது, இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் மழைக்குப் பின் மணலில் நீலக்கோடு பட்ட வெள்ளை ஓடு தென்பட்டால், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால், அதனை எடுத்துப் பையில் இட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிடந்த இடத்தில் கிடக்கும் வரையில்தான் அது சான்று. இடம் பெயர்ந்தால் வெறும் ஓடு. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ சொல்லுங்கள். சீனத்து மண்ணும் பாரசீக நீலமும் நம் கடற்கரையைத் தொட்டுச் சென்ற செய்தியைத் தமிழில் அன்று எவரும் ஏட்டில் எழுதி வைத்ததாகக் காணோம். அந்த ஓடுகளே நமக்கு ஏடுகள்.